சுவருக்குச் சாயம் பூச ஆள் வருகிறது. காணிக்கு யார் வருவது?

"வெளிநாட்டிலிருந்து சபைக் குழுவாக வருகிறார்கள். சொந்தக் காசைப் போட்டு, நம்மோடு சேர்ந்து கல் சுமந்து வீடு கட்டித் தருகிறார்கள். அதைப் பார்த்து சங்கம் ஏன் முணுமுணுக்க வேண்டும்?" தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழுகிறது. கேட்பவர்கள் நமது ஆட்கள்தான். இடிந்த காம்பராவில் மழைக்கு வாளி வைத்துப் படுப்பவர்கள் கேட்கிறார்கள். ஆகவே மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வருகிற மனிதர்கள் நமக்கு எதிரிகள் அல்லர். பள்ளிக்கூட ஆசிரியர், தாதி, ஓய்வுபெற்ற மரவேலைக்காரர், கல்லூரிப் பிள்ளைகள் என்று பலதரப்பட்டவர்கள். வருட லீவை இதற்காக எடுக்கிறார்கள். ஒரு காம்பராவில் மூன்று தலைமுறை படுக்கிறது என்று கேட்டுவிட்டு, இஸ்தோப்பில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்த ஒரு முதியவரை நானே பார்த்திருக்கிறேன். அது வேஷமில்லை. நமது வாக்கை வாங்கிப் பாராளுமன்றம் போனவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கண்ணீர் வந்தது என்பது வேறு கதை. இப்படி வீடு கட்டும் பெரிய அமைப்புகள் மதம் பார்த்து வீடு கொடுப்பதில்லை என்ற விதியையும் வைத்திருக்கின்றன. மாரியம்மனைக் கும்பிடுகிறவருக்கும் மாதாவைக் கும்பிடுகிறவருக்கும் ஒரே சீமெந்துதான். அதையும் மதிக்கிறோம்.

பிறகு என்னதான் குறை என்கிறீர்களா? அதற்கு இந்த வேலை எங்கே தொடங்கியது என்று பார்க்க வேண்டும். அந்தக் கதை நமது லயத்துக் கதைக்கு மிக நெருங்கியது.

அமெரிக்காவின் தெற்கே ஜோர்ஜியா மாநிலம். பருத்தியும் நிலக்கடலையும் விளைகிற சிவப்பு மண். அங்கே கறுப்பினக் கூலி விவசாயிகள் நிலச் சொந்தக்காரனின் காணியில், அவன் போட்டுக்கொடுத்த பலகைக் குடிசையில் குடியிருந்தார்கள். வேலை போனால் குடிசையும் போகும். வாய் திறந்தால் வேலை போகும். இதை விளக்கிச் சொல்ல வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. 1942இல் கிளாரன்ஸ் ஜோர்டன் என்ற வெள்ளைக்காரப் போதகர் அங்கே கொய்னோனியா என்று ஒரு பண்ணையைத் தொடங்கினார். கறுப்பர், வெள்ளையர் என்ற பேதம் இல்லாமல் ஒரே மேசையில் சாப்பிட்டு, ஒரே கூலிக்கு வேலை செய்யும் பண்ணை. 1950களில் ஊர்க் கடைக்காரர்கள் அந்தப் பண்ணையோடு கொடுக்கல் வாங்கலை நிறுத்தினார்கள். வெடிகுண்டு வைத்தார்கள், இரவில் வந்து துப்பாக்கியால் சுட்டார்கள். பண்ணை தாக்குப்பிடித்தது.

அந்தப் பண்ணைக்கு மில்லார்ட் புல்லர், லிண்டா புல்லர் என்ற தம்பதியினர் வந்து சேர்ந்தார்கள். பெரும் பணக்காரர்களாக இருந்து, சொத்தை உதறிவிட்டு வந்தவர்கள். 1968இல் அவர்களும் ஜோர்டனும் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். தோழர்களே, அந்தத் திட்டத்தில் முதலில் என்ன செய்தார்கள் தெரியுமா? பண்ணைக் காணியில் 42 துண்டுகளை அளந்து ஒதுக்கினார்கள். ஒவ்வொரு துண்டும் அரை ஏக்கர். காணியில் ஆரம்பித்து, அதற்குப் பிறகுதான் கல்லும் பலகையும். வீட்டுக்கு இலாபமும் இல்லை, வட்டியும் இல்லை. தவணையைக் கட்டி முடித்தால் வீடும் நிலமும் குடியிருப்பவருக்கே. முதல் வீடு எழும்பி முடியுமுன்னே, 1969இல், ஜோர்டன் இறந்துபோனார். புல்லர் தம்பதியினர் ஆபிரிக்காவில் சயர் நாட்டிலும் போய் வீடு கட்டிவிட்டுத் திரும்பி வந்து, 1976இல் ஹெபிடாட் ஃபோர் ஹியூமானிட்டி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1984இலிருந்து ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவியும் சுத்தியலோடு அதில் இறங்கினார்கள். உலகம் அறிந்தது அதன்பிறகுதான். கார்ட்டரும் அதே வட்டாரத்து நிலக்கடலைக்காரர்தான்.

அரை ஏக்கர் என்றால் 80 பேர்ச்சஸ். 1968இல், இனவெறி எரிந்துகொண்டிருந்த ஒரு மாநிலத்தில், குடிசைக் கூலிக்காரனுக்கு 80 பேர்ச்சஸ். இங்கே நமக்கு 7 பேர்ச்சஸ் என்றார்கள், பிறகு 10 பேர்ச்சஸ் என்றார்கள். அதற்கும் மேடை போட்டு, மாலை போட்டு, படம் பிடித்தார்கள்.

நமது குறை இதுதான். எந்த வேலையின் பெயரைச் சொல்லிக்கொண்டு குழுக்கள் புறப்பட்டு வருகின்றனவோ, அந்த வேலையின் உயிர் காணியில் இருந்தது. பயணம் வளர வளர காணி மறைந்துவிட்டது. மிஞ்சியது சுத்தியல், சாயம், படம். இன்று இரண்டு வாரச் சுற்றுலாவோடு சேர்த்து நான்கு நாள் கட்டட வேலை என்று விளம்பரம் செய்கிற சபைகளும் கம்பனிகளும் எத்தனையோ. அந்த நான்கு நாளில் கட்டிய சுவர் நிற்கிற மண் யாருடையது என்று கேட்கிறவர் மிகக் குறைவு.

பணக் கணக்கையும் பார்ப்போம். மத்திய அமெரிக்காவில் ஹொண்டுராஸ் என்று ஒரு சிறு நாடு. வாழைத் தோட்டங்களுக்குப் பெயர் போனது. 1998இல் மிட்ச் சூறாவளி அந்த நாட்டைப் புரட்டிப் போட்டது. வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாக வந்து வீடு கட்டினார்கள். கர்ட் வேர் பீக் என்பவர் அந்த நாட்டிலேயே பல வருடம் வாழ்ந்தவர். அமெரிக்காவின் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்தவர், ஆகவே சமயத்தின் எதிரி என்று அவரை ஒதுக்க முடியாது. வெளிநாட்டார் வந்து கட்டிய வீடுகளில் இருந்தவர்களிடமும், உள்ளூர்க்காரர்களே கட்டிய வீடுகளில் இருந்தவர்களிடமும் அவர் போய் விசாரித்தார். 2006இல் ஆய்வு வெளிவந்தது. இரண்டு பகுதியாரின் வாழ்க்கையிலும் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. வீடு கிடைத்ததுதான் அவர்களுக்குப் பெரிது, யார் கை கட்டியது என்பது பெரிதல்ல. ஒரு வீட்டைக் கட்டச் சுமார் 2,000 டொலர் போதுமாக இருந்தது. ஒரு குழு வந்து போகச் சுமார் 30,000 டொலர் செலவானது. கணக்குப் போடுங்கள், பதினைந்து வீடு. அந்தக் காசை அனுப்பியிருந்தால் இன்னும் எத்தனை வீடு கட்டியிருக்கலாம் என்று அந்த மக்களே கேட்டார்கள்.

"அவர்கள் வராவிட்டால் அந்தக் காசும் வராதே!" என்று ஒரு பதில் உண்டு. நல்ல பதில்தான். வந்து கண்ணால் பார்த்தவன் வீட்டுக்குப் போய் ஆயுளெல்லாம் உதவுவான் என்பதும் அதே வாதத்தின் மறுபாதி. வேர் பீக் அதையும் விட்டுவைக்கவில்லை. போய்வந்தவர்களில் பலர் தாங்கள் முன்பைவிட அதிகம் கொடுப்பதாகச் சொன்னார்கள். கொடுத்த கணக்கைத் திறந்து பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. மனது இளகியது உண்மை. இளகிய மனது இரண்டு மூன்று மாதத்தில் பழைய நிலைக்குப் போய்விடுகிறது, நமது மனதும் அப்படித்தானே? அதற்காக அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அந்த இளக்கத்தை நம்பி நமது பிள்ளைகளின் கூரையை வைக்க முடியாது.

இனி நமது தோட்டத்துக்குள் வருவோம். எந்தத் தோட்டம், எந்தக் குழு என்ற பெயர் வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்கிறேன். குழு வருகிற வாரம் வீட்டுக்காரரும் மனைவியும் கட்டாயம் கூட நிற்க வேண்டும் என்று சொல்லப்பட்டது. உழைப்பில் பங்கு கொடுப்பது நல்ல கொள்கைதான், ஜோர்ஜியாவிலும் அப்படித்தான். ஆனால் அந்த அக்கா ஐந்து நாள் மலைக்குப் போகவில்லை, ஐந்து நாளும் பேர் இல்லை. 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபாய்ப்படி பார்த்தாலும் 6,750 ரூபாய். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி, வடை என்று அவர் கையிலிருந்து போனது வேறு. கேட்டால், "நம்ம வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வயித்தோட எப்படித் தம்பி அனுப்புறது?" என்றார். வந்தவர்கள் கட்டிய வரிசையில் நூல் பிடிக்கவில்லை. அவர்கள் வேனில் ஏறியதும் மேசன் பாஸ் இரண்டு வரிசையை இரவோடு இரவாகப் பிரித்துத் திரும்பக் கட்டினார். மறுநாள் அவர்களுக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. அந்த பாஸ் நமது தோட்டத்துப் பையன், வருடத்தில் பாதி நாள் கொழும்பில் கொந்தராத்து வேலை தேடி அலைகிறவன். கொழும்பின் மாடிக் கட்டடங்களுக்குக் கல் சுமப்பதும், பூச்சு வேலை செய்வதும், டைல்ஸ் பதிப்பதும் யார்? ஹட்டன், பதுளை பஸ்களில் ஞாயிற்றுக்கிழமை இரவு ஏறிப் பாருங்கள். கட்டத் தெரிந்த கைகள் நம்மிடம் ஏராளம். கட்டுவதற்கு ஆள் இல்லை என்பது ஒருநாளும் நமது பிரச்சினையாக இருந்ததில்லை.

காசுகூட எல்லா நேரமும் பிரச்சினையில்லை. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் 10,000 வீடு தருவதாக அறிவித்தார். நாமும் மழையில் நின்று கை தட்டினோம். அதில் முதல் தொகுதி வீடுகளின் வேலை ஆரம்பிக்க 2024 ஆனது. காசு தர ஒரு நாடே முன்வந்தும் ஏழு வருடம். மீரியபெத்தையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29, காலையில் மலை இறங்கி லயத்தை மூடியது. அந்த இடம் ஆபத்தானது, மக்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் சொல்லியிருந்தது. ஏன் போகவில்லை என்று அன்று தொலைக்காட்சியில் கேட்டார்கள். எங்கே போவது? லயத்தை விட்டு இறங்கினால் கால் வைக்கும் மண் யாருடையது? கிராமத்துக்காரனுக்கு அண்ணன் வீட்டுக் காணி இருக்கும், மாமன் காணி இருக்கும். நமக்கு அண்ணன் வீடும் அதே லயத்தின் நான்காவது காம்பரா.

1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனது, காணி குத்தகைக்குப் போனது. இரண்டு தடவையும் அந்தக் காணியைக் காடழித்துத் தோட்டமாக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு பேர்ச்சும் ஒதுங்கவில்லை. இடையில் கடன் வீடு வந்தது. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். கட்டி முடித்தவர்கள் இன்று ஓய்வும் பெற்றுவிட்டார்கள். அவர்களில் எத்தனை பேர் கையில் பதிவு செய்த காணி உறுதி இருக்கிறது? பிரதேச சபைக் காசைத் தோட்டத்துக்குள் செலவிட 2018 திருத்தம் வரும்வரை சட்டமே தடையாக நின்றது. நாட்டின் சொந்தச் சட்டம் நம் வாசலுக்கு ஒரு லோட் மணல் போட விடாத காலத்தில்தான் வெளிநாட்டுக் குழு வந்து நமக்குக் கல் தூக்கியது. அதில் வெட்கப்பட வேண்டியவர்கள் அந்தக் குழுவும் அல்ல, நாமும் அல்ல.

வெட்கப்பட வேண்டியவர்களுக்கு இந்தப் பயணங்கள் மிக வசதியாக இருக்கின்றன என்பதுதான் நமக்குக் கோபம். கம்பனிக்குத் தன் வருட அறிக்கையில் போட ஒரு படம் கிடைக்கிறது. தொழிலாளர் நலன் என்ற தலைப்பின் கீழே யாரோ கொடுத்த வீடு. அமைச்சருக்கு ரிப்பன் கிடைக்கிறது. துரைக்கு, பழைய லயத்தைத் திருத்தச் சொன்னால் "அடுத்த குழு வரட்டும்" என்று சொல்ல ஒரு சாட்டு கிடைக்கிறது. சட்டப்படியும் வழக்கப்படியும் தாங்கள் செய்ய வேண்டியதை ஒரு வழிப்போக்கன் இரக்கத்தில் செய்துவிட்டுப் போனால், கடமை தர்மமாக மாறிவிடுகிறது. தர்மத்தைக் கேட்டு வேலைநிறுத்தம் செய்ய முடியாது. கைகூப்பத்தான் முடியும்.

இந்த வீட்டைத் திறக்கும்போது கொடுக்கிற காகிதத்தையும் பாருங்கள். பயனாளிக் கடிதம், வீட்டு உரிமைப் பத்திரம், நினைவுச் சான்றிதழ் என்று அழகாக அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கொடுப்பார்கள். அதைக் கொண்டு வங்கியில் கடன் வாங்க முடியுமா? மகளுக்கு எழுதிவைக்க முடியுமா? மகன் தோட்டத்தில் வேலை செய்யாமல் வெளியே போனால் வீட்டைவிட்டு எழும்பச் சொல்ல முடியாது என்று அதில் எழுதியிருக்கிறதா? இவை இல்லையென்றால், சாயம் பூசிய, சன்னல் வைத்த, தனியாக நிற்கிற ஒரு லயக் காம்பராதான் கிடைத்திருக்கிறது.

சமய நம்பிக்கை இருக்கிறவர்கள் நமக்கு வேறு மாதிரியும் உதவியிருக்கிறார்கள். அதைச் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவர்கள் ஆவோம். கண்டியில் 1972இல் சத்தியோதயத்தை ஆரம்பித்த இயேசுசபைக் குருவானவர் போல் கஸ்பர்ஸ் நமக்கு வீடு கட்டச் சுத்தியலோடு வந்தவரல்ல. தோட்டத்து மக்கள் பஞ்சத்திலும் வன்செயலிலும் கிடந்த காலத்தில், நமது குடியுரிமையைப் பற்றியும் சம்பளத்தைப் பற்றியும் எழுதினார், பேசினார், சிங்களவரையும் தமிழரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்தார். இரண்டு வாரத்தில் திரும்பிப் போகவில்லை, சாகும்வரை இங்கேயே இருந்தார். ஹொண்டுராஸிலும் அப்படித்தான். அதே வேர் பீக் அங்குள்ளவர்களோடு சேர்ந்து நீதிக்கான ஒரு கிறிஸ்தவ அமைப்பை ஆரம்பித்தார். அது தொழிலாளர் உரிமைக்கு வழக்குப் பேசியது. காவல் கம்பனிகளில் வேலை செய்த காவலாளிகளுக்காக வாதாடிய அதன் வழக்கறிஞர் டியோனிசியோ டியாஸ் கார்சியா 2006 டிசம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுவர் கட்டுகிறவரை யாரும் சுடுவதில்லை. சுவர் யாருடைய மண்ணில் நிற்கிறது, கூலி ஏன் குறைகிறது என்று கேட்டவரைத்தான் சுட்டார்கள். கொய்னோனியாப் பண்ணையைச் சுட்டதும் கறுப்பரையும் வெள்ளையரையும் சமமாக வைத்ததற்காகத்தான்.

ஆகவே வராதே என்று வேனை மறிக்கச் சொல்லவில்லை. மறித்தால் பிழைப்பது துரைதான், "பார், வந்த உதவியையும் சங்கம் கெடுத்தது" என்பார். வரட்டும். ஆனால் அடுத்த குழு வருகிறது என்று ஒப்பீஸிலிருந்து தகவல் வந்தவுடன் தலைவரும் மாதர் தலைவியும் பெரட்டுக்களத்தில் நின்று தலையாட்டிவிட்டு வரக்கூடாது. வீடு கட்டும் துண்டு அளக்கப்பட்டதா, கம்பனி அதைக் குத்தகையிலிருந்து விடுவித்ததற்கு எழுத்து இருக்கிறதா, உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் வருமா என்று கேளுங்கள். மேசன் வேலைக்கும் கையாள் வேலைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளை எடுத்துச் சரியான கூலி கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டுக்காரர் வேலைக்கு நிற்கிற நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும். அது கம்பனியின் பங்காக இருக்கட்டும், அவர்களும் ஏதாவது கொடுக்கட்டுமே. பிள்ளைகளைப் படம் பிடிப்பதென்றால் தாயிடம் கேட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். குளிக்கும் பீலியையும் கிழிந்த படுக்கையையும் படம் பிடிக்க எந்த விருந்தாளிக்கும் உரிமை இல்லை.

வருகிறவர்களிடமும் பேசுங்கள். நமது பிள்ளைகளில் ஆங்கிலம் படித்தவர்கள் இருக்கிறார்கள், கைடு சொல்வதை மட்டும் அவர்கள் கேட்டுப் போக வேண்டியதில்லை. லயத்துக்குள் கூட்டிப்போய்க் காட்டுங்கள், இந்த மண் இன்னும் நமது பெயரில் இல்லை என்று சொல்லுங்கள். "நாங்கள் ஊருக்குத் திரும்பி என்ன செய்யலாம்?" என்று கட்டாயம் ஒருவராவது கேட்பார், கேட்காமல் போனதில்லை. உங்கள் ஊர்க் கடையில் விற்கிற தேயிலைப் பெட்டியை எடுங்கள், அதை விற்கிற கம்பனிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள், இந்தக் கொழுந்தைப் பறித்தவளுக்குக் குடியிருக்கும் காணி சொந்தமா என்று கேளுங்கள், வந்த பதிலை எங்களுக்கு அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். பதில் வந்தால் அதன் பிரதியையும், காணி விடுவிப்பைப் பற்றித் தோட்ட நிர்வாகம் கொடுக்கிற கடிதத்தின் பிரதியையும் மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படையுங்கள். நிர்வாகம் கடிதம் தர மறுத்தால், மறுத்த திகதியையும் மறுத்தவரின் பதவியையும் எழுதிக் கொடுத்தாலும் போதும்.